சிவந்த சாம்பல்

7

சுந்தராம்பாள் கல்லிலிருந்து எடுத்த முதல் தோசையை யார் தட்டிலும் போடவில்லை. சுவரோரம் கவிழ்த்திருந்த ஈயத்தட்டை நிமிர்த்தி, அதில் தனியாக வைத்தாள்.

பிரசாந்த் அந்தத் தோசையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் வயிற்றில் ஒரு டீ மட்டும்தான் இருந்தது.

"அது யாருக்கும்மா?"

"காக்காவுக்கு. மொத தோசை பிஞ்சிக்கினு வரும். எதுலயும் மொத ஈடு நம்ம வூட்டு மனுசாளுக்கு ஆவாது தம்பி. எங்கம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"செஞ்சிக் காக்கா எல்லாம் ஏன் இந்தக் கத்து கத்துதுன்னு இப்பத்தான் புரியுது மேடம். தனி கேஸா எடுத்துக்கலாம்."

இருதயமேரி சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து பார்த்தால் கூடத்துச் சுவர் தெரிந்தது. அதில் மாலை போட்ட ஒரு கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளை இருக்கும் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டு, பெண் மட்டும் தெரியும்படி ஃபிரேம் போட்டிருந்தார்கள். கல்யாணப் போட்டோவில் ஒற்றை ஆள் நிற்பதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. மணிமொழி, சுந்தராம்பாளின் மகள். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனவள். குழந்தை பிழைத்துவிட்டது.

இருதயமேரி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். புருஷன் போன பிறகு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டுரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தாள். போர்டில் முன்பாதி வெயிலில் வெளுத்து, 'நிலையம்' மட்டும் பளிச்சென்று நின்றது. வாரத்துக்கு நாலு பேர் படியேறி வந்து திண்டிவனம் பஸ் எப்போது என்று கேட்பார்கள். முன்பு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பிரசாந்த் சரியான நேரம் சொல்லி அனுப்புவான். "நமக்கு வர்ற கேஸுல இதுதான் மேடம் உடனே தீருது" என்பான்.

"உங்களுக்கு என்ன வேணும்னு இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் இருதயமேரி.

சுந்தராம்பாள் அடுப்பைத் தணித்தாள்.

"நான் கோர்ட்டுக்குப் போவல. நஷ்ட ஈடு கேக்கல. எம் பேத்திய ஒரு தரம் மடியில வச்சிக்கணும். அவ்ளோதான். அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில கண்ணாடி வழியா பாத்தது. அப்புறம் சம்பந்தியம்மா வூட்டு வாசப்படி மிதிக்க வுடல. 'பொடியக் குடுத்துப் பெத்த பொண்ணயே தின்னவ, உங்கிட்ட எப்பிடிக் கொழந்தையக் குடுக்கறது'ன்னு தெருவே கேக்கற மாதிரி கேட்டாங்க."

அவள் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தாள். பச்சை லேபிள். 'பச்சையம்' கரிசலாங்கண்ணிப் பொடி. கீழே கொட்டை எழுத்தில்: 'ஆய்வில் நிரூபணம். முருங்கையை மிஞ்சும் இரும்புச்சத்து. இனி மாத்திரை எதற்கு?' பக்கத்தில் ஓர் எண், அடியில் சென்னை லேப் ஒன்றின் பெயர். படிப்பவர் அசந்துபோகிற மாதிரியான எண்.

"ரத்தம் கம்மின்னு நர்சம்மா மாத்திரை குடுத்தாங்க. முழுங்கினா கொமட்டுதும்மான்னு அழுவா. கரிசலாங்கண்ணி ரத்தத்துக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும். இதுல நம்பரே போட்டிருக்குதே. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. அச்சுல இருந்துச்சுன்னா நம்பிடுவேன். மாத்திரைய நிறுத்திட்டு ரெண்டு வேளையும் மோர்ல கலக்கிக் குடுத்தேன். கசக்குதுன்னு மொகத்த சுளிச்சிக்கினே குடிச்சா."

கல்லில் அடுத்த தோசை கருகியது.

"அந்த நம்பர் பொய்யின்னா, அத எழுதினவன் யாருன்னு கண்டுபிடிச்சு அவங்க முன்னாடி சொல்லுங்க. அமாவாசைக்கு மறுநாளு கொழந்தைக்குச் சோறு ஊட்டறாங்களாம். அதுக்குள்ள."

"சொல்றேன்" என்றாள் இருதயமேரி. அந்த ஒற்றைச் சொல்லை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

*

'பச்சையம்' கம்பெனி திருவண்ணாமலை ரோட்டில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் ஃபிரேம் போட்ட ஆய்வறிக்கை. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை மொட்டைப் பாறையாக வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

முதலாளி பார்த்திபனுக்கு நாற்பது வயது இருக்கும். திண்டிவனத்துக்கு ஏஜென்சி கேட்டு வந்திருக்கிறோம் என்று பிரசாந்த் சொன்னதும் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றான் பிரசாந்த். "கீரையில இவ்ளோ இரும்பா? கொல்லையில வெளைஞ்சதா, கொல்லன் பட்டறையில வெளைஞ்சதா?"

பார்த்திபன் சத்தமாகச் சிரித்தார். "எல்லாரும் கேக்கறதுதான். நான் எழுதினது இல்ல தம்பி. யூனிவர்சிட்டி அளவுல பண்ணின ரிசர்ச். வளர்மதின்னு ஒரு பொண்ணு எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குச் செஞ்சது. இரும்பு, கால்சியம், புரதம் எல்லாம் பார்த்திருக்குது. ரிப்போர்ட் ஒரிஜினல். சென்னையில டெஸ்ட் பண்ண லேப்புக்கு நீங்களே போன் பண்ணிக் கேக்கலாம்."

"கேட்டாச்சு" என்றாள் இருதயமேரி. "ஒரிஜினல்தான். அனுப்பினதை டெஸ்ட் பண்ணினோம், அதுல அவ்ளோ இரும்பு இருந்துச்சுன்னாங்க."

"அப்புறம் என்ன?"

அவள் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். வளையத்துக்குப் பதிலாக ஒரு கனத்த வட்டக் காந்தம். அவள் புருஷன் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்தவர். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றியதைச் சாவி தொலையாமல் இருக்க அவளுக்குக் கொடுத்தார். சாவி தொலையவில்லை. மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து, 'பச்சையம்' டப்பாவிலிருந்து கொஞ்சம் பொடியைக் கொட்டி, காந்தத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டினாள்.

ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி ஓட்டினாள். காந்தம் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக வந்தது.

பார்த்திபனின் முகம் மலர்ந்தது. "இரும்புத் தூள் கலந்திருப்பேன்னு நெனைச்சீங்களா? சுத்தமான இலைம்மா. உப்பு கூடச் சேர்க்கறதில்ல."

அது உண்மை. அதுதான் இருதயமேரிக்கு உறுத்தியது. கலப்படம் செய்த ஒரு திருடனைப் பிடிக்கலாம் என்று வந்தாள். இருந்ததோ கலப்படமே இல்லாத இலை.

பிரசாந்த் காலி டீக் கப்பை எறியப் போகிறவன் போலக் குப்பைக்கூடை அருகே குனிந்து நின்றான். நிமிர்ந்தபோது அவன் கையில் ஒரு காலி மாத்திரை அட்டை இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை.

"சார், உங்களுக்கு எத்தனாவது மாசம்?"

பார்த்திபனின் சிரிப்பு நின்றது. "அது... வீட்டுல அவங்களுக்கு. காலையில ஆஸ்பத்திரி போயிட்டு இங்க வந்தாங்க."

"அவங்க நம்ம பொடி சாப்பிடறதில்லையா? இனி மாத்திரை எதற்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"டாக்டர் சொன்னதைக் கேக்கணும்ல."

"கேக்கணும் சார்" என்றான் பிரசாந்த். இந்த முறை அதில் கேலி இல்லை. "ரொம்பக் கேக்கணும்."

*

வளர்மதி மேல்சித்தாமூர் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் தாவரவியல் டீச்சராக இருந்தாள். ஆய்வகத்தில் வைத்துத்தான் பேசினாள். ஒல்லியான பெண். 'மணிமொழி' என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த சோதனைக் குழாயைத் தாங்கியில் வைக்க இரண்டு முறை முயன்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க. அந்த டப்பாவைக் கடையில பார்த்தப்பவே பயந்தேன்."

"ஏன் பயம்?"

"நம்பர் ரொம்பப் பெருசு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மத்ததெல்லாம் சரியா வந்துச்சு. சாறு எடுத்துக் குலுக்கினா நுரை நின்னுது, டானின் இருந்துச்சு, ஃப்ளேவனாய்டு இருந்துச்சு. புரதம், நார்ச்சத்து எல்லாம் புத்தகத்துல இருக்கற மாதிரிதான். இரும்பு மட்டும் எகிறிப்போச்சு. முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. சாம்பல் கலரைப் பார்த்தப்ப ஃபிரண்ட்ஸ் எல்லாம் கை தட்டினாங்க."

"சாம்பல் கலரா?"

"இலைப் பொடியை உலையில வச்சு முழுசா எரிச்சுச் சாம்பலாக்கி எடை போடணும். அதுலதான் தாதுச்சத்து எல்லாம் மிஞ்சும். என்னுது செங்கல் பொடி மாதிரி செவப்பா இருந்துச்சு. அவ்ளோ இரும்புன்னு நெனைச்சோம்."

இருதயமேரி தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். வருஷா வருஷம் சாம்பல் புதன் அன்று சர்ச்சில், போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலைச் சாமியார் அங்கேதான் பூசுவார். சின்ன வயதிலிருந்து பூசிக்கொண்ட சாம்பல். கறுப்பாக இருக்கும், சாம்பல் நிறமாக இருக்கும், நன்றாக எரிந்திருந்தால் வெள்ளையாக இருக்கும்.

"செவப்புச் சாம்பல் நான் பார்த்ததே இல்லை" என்றாள். "எந்த இலையிலயும். இலை சிவக்காதும்மா. துருதான் சிவக்கும். அந்தப் பொடி மிச்சம் இருக்குதா?"

இருந்தது. வளர்மதி பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தாள். இருதயமேரி காகிதத்தில் கொட்டிக் காந்தத்தை ஓட்டினாள்.

காந்தத்துக்குத் தாடி முளைத்தது. நுண்ணிய கறுப்பு முடிகள், நுனி நுனியாகச் சிலிர்த்து நின்றன.

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். "இலையில இருக்கற இரும்பு காந்தத்துல ஒட்டாதுங்க. இது வெளியிலேர்ந்து வந்த இரும்பு. சத்தியமா நான் எதுவும் கலக்கல. ஏரிக்கரையில நானே பறிச்சேன், நாலு தண்ணி அலசினேன், நெழல்ல காய வச்சேன். விரலெல்லாம் கறுப்பாயி ஒரு வாரம் போகல."

"இதையெல்லாம் யார்கிட்டயாவது சொன்னியா?"

"பார்த்திபன் சார்கிட்ட சொன்னேன். சாம்பல் கலர் சரியில்ல, மறுபடி டெஸ்ட் பண்ணணும்னு. அவரே செலவு பண்ணிப் புதுப் பொடியை அனுப்பினாரு. அதே நம்பர்தான் வந்துச்சு, கவலைப்படாதேன்னு சொன்னாரு. ரிப்போர்ட்டைக் காட்டல. நானும் கேக்கல."

பிரசாந்த் பையிலிருந்த மாத்திரை அட்டையைத் தட்டினான். "என்ன நம்பர் வந்துச்சுன்னு அவர் சம்சாரத்தோட மாத்திரை சொல்லுது மேடம்."

இருதயமேரி தலையசைத்தாள். அந்த ஆள் எண் பொய்யென்று தெரிந்தே விற்றான். ஒருவன் கிடைத்துவிட்டான். ஆனால் இரும்பு எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் சம்பந்தியம்மாள் முன்னால் போய் நிற்க முடியாது. காந்தத்தில் ஒட்டியதை இவர்களே கொட்டினார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

"காய வச்ச இலையை எதுல அரைச்சே?"

"காலேஜ் மிக்ஸி காயில் போயிடுச்சு. மறுநாள் கொடுக்கணும். அதனால மாவு மில்லுக்குப் போனேன். காந்தி பஜார் பின்னால. நான் பயந்துக்கினே போனேன், கூட்டமா இருந்துச்சு. ஆனா அங்க இருந்தவங்க ரொம்ப நல்லவங்க. 'படிக்கற பொண்ணு, அரைப்படி இலைதானே, நீ மொதல்ல அரைச்சிக்கினு போ'ன்னு வழி விட்டாங்க."

பிரசாந்த் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் அம்மாவும் மில்லுக்குப் போகிறவள்தான்.

"வரிசையில முன்னால விட்டாங்களா?" என்றான். "மில்லுலயா?"

*

மில்லில் வெற்றிவேல் மாவு படிந்த இமைகளோடு வெளியே வந்தார். ஐம்பது வயதுக்கு எழுபது வயது தெரிந்தது. மிஷின் சத்தத்தில் கத்திக் கத்தியே பழகிய குரல்.

"கீரை அரைச்ச பொண்ணா? நல்லா ஞாவகம் இருக்குதே. மிஷினே பச்சையாயிடுச்சு. அப்புறம் அரைச்ச கேவுறு மாவெல்லாம் பச்ச வாசனைன்னு ரெண்டு பேரு என்கூட சண்டைக்கி வந்துட்டாங்க."

"அன்னிக்கு மிஷின்ல ஏதாவது வேலை நடந்துச்சா?"

வெற்றிவேல் அவளைப் புது மரியாதையோடு பார்த்தார். "எப்பிடித் தெரியும்? அன்னிக்கித்தான் பிளேட்டு மாத்தினேன். புது இரும்புப் பிளேட்டு. பல்லு எல்லாம் பிசிறா இருக்கும். மொத ஓட்டத்துல அந்தப் பிசிறெல்லாம் உதுந்து மாவோட வந்துடும். எப்பவும் ஒரு படி தவிட்டப் போட்டு ஓட்டி, அதக் கொட்டிட்டுத்தான் சனங்களுக்கு அரைப்பேன். அன்னிக்கி தவிடு இல்ல. கரெண்டு வேற காலையிலேர்ந்து இல்லாம அப்பத்தான் வந்துச்சு. வாசல் வரைக்கும் ஆளு."

"யாராவது முதல்ல போடணுமே."

"யாரு போடுவாங்க? பொம்பளைங்களுக்குத் தெரியாதா? பிளேட்டு மாத்தற சத்தம் கேட்டாலே ஆளாளுக்கு முந்தானைய ஒதறிக்கினு பின்னால போவாங்க. 'நீ போடு', 'ஏன், நீ போடேன்'னு ஒரே பேச்சு. அப்பப் பாத்து இந்தப் பொண்ணு கீரையோட வந்து நிக்குது. ஒண்ணும் தெரியாத பொண்ணு." அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "தவுட்டுக்குப் பதிலா தழைன்னு நானும் வுட்டுட்டேன். அது தின்ற சாமான்னு தோணல. ஏதோ காலேஜுக்குச் செடி கொடின்னு நெனச்சேன்."

"இதை ஒரு வீட்டுல வந்து சொல்லணும். குழந்தை விஷயம்."

"சொல்றேன். நடந்ததத்தானே சொல்லப் போறேன்."

கிளம்பியிருக்கலாம். இருதயமேரிக்குப் பழைய போலீஸ் பழக்கம், எதையும் பாதியில் விட வராது. வண்டிப் பக்கம் ஓரடி வைத்தவள் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணை முன்னால போகச் சொன்னது யாரு?"

"அது நம்ம சுந்தராம்பாக்கா. சிங்கவரம் ரோட்டுல இருக்கறவங்க. அவங்கதான் வரிசையில மொத ஆளு. கேவுறு கொணாந்திருந்தாங்க. பொண்ணுக்குப் புதுசா கல்யாணம் ஆயி மறுவூட்டுக்கு வருது, மொத ஈட்ட எங்கூட்டு மனுசாளுக்குக் குடுக்க மாட்டேன்னு கூடைய நவுத்திக்கினு, 'நீ வாம்மா, படிக்கற பொண்ணு'ன்னு அதக் கையப் புடிச்சி முன்னால வுட்டாங்க. என்னப் பாத்துக் கண்ணச் சிமிட்டினாங்க. நல்ல தமாசு புடிச்ச அக்கா." மாவு இமைகளை அவர் துடைத்துக்கொண்டார். "அக்காவோட பொண்ணு இப்ப இல்லன்னு கேள்விப்பட்டேன். பாவம்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவர் போனார். மிஷின் ஓடத் தொடங்கியது.

*

பிரசாந்த் பேசாமல் இருப்பது வண்டியில் ஏதோ பழுதானது போல இருந்தது.

"சொல்லப் போறீங்களா மேடம்?"

"கண்டுபிடிச்சதைச் சொல்றேன்னு அவங்ககிட்ட ஒத்துக்கிட்டேன்."

"பார்த்திபன் பேரு போதுமே. அவன்தானே தெரிஞ்சே வித்தவன்? அந்தம்மா பண்ணினது எங்கம்மாவும் பண்றதுதான். ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் பண்றது. கல்லு நறநறங்கிற மாவைத் தன் புள்ள தின்னக் கூடாதுன்னு நெனைக்கறது ஒரு தப்பா?"

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் இறந்த அன்று அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, 'கடைசியா உங்களைத்தான் கேட்டாரு, மேரி எங்கேன்னு' என்றாள். நல்ல பெண். உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மையை என்ன செய்வதென்று இருதயமேரிக்கு இன்றுவரை தெரியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை.

"வெற்றிவேல்கிட்ட பேசு" என்றாள் கடைசியில். "பிளேட்டைப் பத்தி மட்டும் சொன்னா போதும்னு சொல்லு. வரிசையைப் பத்தி வேணாம்."

*

அமாவாசைக்கு மறுநாள் மேல்மலையனூர் கூட்டம் வடிந்து கிடந்தது. தெருவெங்கும் மிதிபட்ட எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரக் கரி. கோயிலுக்குப் போகிற தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த குஞ்சம்மாள்தான் சம்பந்தியம்மாள். கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் சுந்தராம்பாளைப் பார்த்ததும் நிலைப்படியில் குறுக்காகக் கை வைத்தாள்.

"இவ எதுக்கு வந்தா?"

"நான் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள் இருதயமேரி. "அஞ்சு நிமிஷம் கேளுங்க. அப்புறமும் வேணாம்னா நாங்க போயிடறோம்."

உள்ளே மணிமொழியின் புருஷன் குரு எழுந்து நின்றான். தாடி வைத்திருந்தான். "உடும்மா, கேக்கலாம்" என்றான்.

இருதயமேரி கூடத்தில் இரண்டு தட்டுகளை வைத்து, ஒன்றில் டப்பாப் பொடி, இன்னொன்றில் பாட்டில் பொடி கொட்டினாள். காந்தம் ஒன்றில் சுத்தமாகவும், மற்றதில் கறுப்புத் தாடியோடும் வந்தது. வளர்மதியைப் பற்றியும் சிவந்த சாம்பலைப் பற்றியும் சொன்னாள். வெற்றிவேல் வாசலோரம் நின்று, புதுப் பிளேட்டு, உதிர்ந்த பிசிறு என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். பிரசாந்த் மாத்திரை அட்டையைக் காட்டி, "எழுதினவன் வீட்டுல இதைத்தான் முழுங்கறாங்க. அவன் மேல காலையில கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சு" என்றான்.

குரு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். குஞ்சம்மாள் அந்தக் கறுப்புத் தாடியையே பார்த்தாள்.

"அப்ப இவ ஏமாந்துதான் குடுத்தாளா?"

"அச்சுல இருந்ததை நம்பிக் குடுத்தாங்க. நீங்களா இருந்தாலும் குடுத்திருப்பீங்க."

குஞ்சம்மாள் அந்தத் தாடியை விரலால் தொட்டாள். பிறகு வெற்றிவேலைப் பார்த்தாள். அவளும் மில்லுக்குப் போகிற பொம்பளைதான்.

"அது சரி, புதுப் பிளேட்டுல அந்தப் படிச்ச பொண்ணு எதுக்கு மொதல்ல போட்டுச்சு? வரிசையில வேற யாருமே இல்லியா?"

வெற்றிவேல் வாயைத் திறந்தார். பார்வை தானாகச் சுந்தராம்பாள் பக்கம் போயிற்று. உடனே திரும்பிவிட்டார். துடைக்க மாவு இல்லாத முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"அன்னிக்கு மில்லுல கூட்டமே இல்லை" என்றாள் இருதயமேரி.

அவள் குரல் அசையவில்லை. சாட்சிக் கூண்டில் அத்தனை வருஷம் நின்றிருக்கிறாள். அங்கே ஒருநாளும் சொல்லாத பொய்யை இங்கே சொன்னாள்.

சுந்தராம்பாள் வெற்றிவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எந்த நாள் என்று நினைவில் தேடுகிறவளைப் போல. பிறகு தேடுவது நின்றது.

குஞ்சம்மாள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். கன்னத்தில் பொட்டு, புதுக் கவுன். "இந்தா" என்று சுந்தராம்பாள் மடியில் வைத்தாள். சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாதவளின் அவசரம் அதில் இருந்தது. நெய் விட்டுப் பிசைந்த சோற்றுக் கிண்ணத்தையும் பக்கத்தில் நகர்த்தினாள். "ஏதோ வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். பெத்தவ இல்ல. அவ இடத்துல நீதான் இருக்கற. மொத வாய் நீ ஊட்டு."

சுந்தராம்பாள் குழந்தையின் தலையை மோந்தாள். நெற்றி அப்படியே மணிமொழி. விரல் நுனியில் ஒரு பருக்கை சோறு எடுத்தாள். குழந்தை வாயைத் திறந்தது. அந்தக் கை பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிக் கிண்ணத்துக்கே போயிற்று.

"மொத வாய் நீங்க குடுங்க சம்பந்தி. என் கையால வாணாம்."

குஞ்சம்மாளுக்கு அது மரியாதையாகப் பட்டது. முகம் மலர்ந்து, உட்கார்ந்து, தானே ஊட்டினாள். குழந்தை துப்பியது. எல்லோரும் சிரித்தார்கள். பிரசாந்த் மட்டும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டான்.

விடைபெறும்போது சுந்தராம்பாள் வண்டி வரை வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. இருதயமேரி சாவியைப் போட்டுத் திருப்பினாள். காந்தத்தில் இன்னும் இரண்டு கறுப்பு முடிகள் ஒட்டியிருந்தன.

"மேரிம்மா."

"சொல்லுங்க."

சுந்தராம்பாள் குழந்தையின் கவுனை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தாள்.

"அன்னிக்கி நல்ல கூட்டம்மா" என்றாள். "வாசல் வரைக்கும் இருந்துச்சு."

குழந்தை சிணுங்கியது. அவள் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உள்ளே போனாள்.